குளோரின் கலக்கும்போது கவனம்

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு வாரமாகப் பலருக்கு வயிற்றுப்போக்கு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலக்கவும், வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். கொடுக்கவும் நண்பர்கள் சிலர் தயார். பாதுகாப்பாகச் செய்வது எப்படி?
– வாசகர், பென்னாகரம்

பதில்: முதலில் ஊராட்சியிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். தொட்டிமேல் ஏறுவது டேங்க் ஆபரேட்டரின் வேலை. நீங்கள் கீழே கரைசலைத் தயாரித்துக் கொடுத்தால் போதும்.

1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்றால், நிறைந்த தொட்டிக்கு 120 கிராம். இது 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடருக்கான கணக்கு. வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும். அளவு சரியாக இருந்தும் கிருமி சாகாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்கலாம். கடைசித் தெருக் குழாயில், தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கருவி 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) காட்டட்டும்.

கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஆசிட் பட்ட வாளி வேண்டவே வேண்டாம், நச்சு வாயு கிளம்பும்.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைக்கச் சொல்லுங்கள்; அரை பாக்கெட், ஒரு டம்ளர் என்ற கைக்கணக்கு குழந்தைக்கு ஆபத்து. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, சோர்ந்து கிடப்பவருக்கு உடனே 108-ஐ அழையுங்கள். உங்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், நின்று இரண்டு நாள் ஆகும்வரை அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.