பழைய மேக்கின்டாஷில் இரண்டு வெளி டிரைவுகளைத் தொடராக இணைத்தால் டெர்மினேட்டரை எதில் போட வேண்டும்?

தொடரின் கடைசியில் உள்ள டிரைவில் மட்டும் போட வேண்டும். ஹார்டு டிஸ்க் பெட்டியும், கழற்றி மாற்றும் வட்டுகளைப் படிக்கும் ஜிப் டிரைவும் தனித்தனியே இயங்குகின்றன, சேர்த்து மாட்டினால் இரண்டுமே திரையில் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் டிடிபி நிலையம் நடத்திய காலத்தில், மாங்கூழ் டப்பாக்களுக்கான லேபிள் வேலை குவிந்திருந்த ஒரு கோடையில், இதே கோளாறுடன் நான் மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

டிரைவுகளைக் கணினியுடன் இணைக்கும் ஸ்கசி (SCSI) கேபிளில் செல்லும் சமிக்ஞை, அணைச் சுவரில் மோதிய அலையைப் போல, கம்பி முடியும் இடத்திலிருந்து திரும்பி வந்து அடுத்த சமிக்ஞையைக் குழப்பும். அதை உள்வாங்கிக்கொள்ளவே இரு முனைகளிலும் டெர்மினேட்டர் வைக்கிறார்கள். பழைய வகையில் ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் 220 ஓம், 330 ஓம் என இரண்டு ரெசிஸ்டர்கள் உண்டு. கணினிப் பக்கத்து முனையை உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க்கே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். நடுவில் இன்னொரு டெர்மினேட்டர் சேர்ந்தால் பளு கூடிச் சமிக்ஞை தளர்ந்துவிடும்.

நான் பழையதாக வாங்கிய பெட்டியின் பின்புறத்தில் டெர்மினேட்டர் செருகப்பட்டிருக்கவில்லை. அதனால் அதில் டெர்மினேஷனே இல்லை என்று நம்பினேன், விற்றவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது, டிஸ்க்கின் 50 பின் சாக்கெட்டுக்கு அருகில், சீப்பின் பற்களைப் போன்ற கால்களுடன் டெர்மினேட்டராக வேலை செய்யும் மூன்று ரெசிஸ்டர் பேக்குகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நோஸ் பிளையரால் அவற்றை மெல்லப் பிடுங்கியதும் இரண்டு டிரைவுகளும் திரைக்கு வந்துவிட்டன.

ஆகவே உங்கள் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஜிப் டிரைவைக் கடைசியாக வைத்து, அதன் பின்னுள்ள டெர்மினேஷன் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். தொடரில் ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண், அதாவது ஐடி, இருக்க வேண்டும்; ஜிப் டிரைவுக்கு 5, 6 என்ற இரண்டு ஐடி எண்கள்தான் உண்டு. 7 கணினிக்கும், 0 வழக்கமாக உள் டிஸ்க்குக்கும் போய்விடுவதால், பெட்டிக்கு 1 அல்லது 2 தருவது நல்லது. டிரைவுகளை முதலில் ஆன் செய்து, அவை சுழலத் தொடங்கிய பின்னரே கணினியை ஆன் செய்யுங்கள். மின்சாரம் ஓடும்போது கேபிளைத் தொடவே வேண்டாம்.

பிடுங்கிய பேக்குகளை ஓர் உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். அந்த டிரைவ் என்றேனும் கடைசி இடத்துக்கு வந்தால் அவை தேவைப்படும். ஒரு முனையில் உள்ள புள்ளி முதலில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வருமாறு செருக வேண்டும்.