ஈசிஎம் போச்சு என்று மெக்கானிக் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: என்னிடம் 2015 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து சாவி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். போன வாரம் ஒரு மழைக்குப் பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மெக்கானிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கனெக்டே ஆகலை, ஈசிஎம் போச்சு" என்கிறார். புதுசு போட்டால் 48,000 ரூபாயாம், பழசு என்றால் 14,000. எதை வாங்கலாம்? (கும்பகோணம் வாசகி)

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் மெக்கானிக் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேனர் கனெக்ட் ஆகாததற்குப் பல காரணங்கள் உண்டு, ஈசிஎம் செத்துப்போவது அதில் ஒன்று, அவ்வளவுதான். மற்றவற்றைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும். ஏனென்றால் மற்றவை எல்லாம் சில நூறு ரூபாயிலோ சில ஆயிரத்திலோ முடிகிறவை. இது ஒன்றுதான் 48,000.

ஈசிஎம் என்பது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது பிளக்கில் பொறி வர வேண்டும் என்று சென்சார்களைக் கேட்டு முடிவு செய்கிற அலுமினியப் பெட்டி. அதற்கு உயிர் வேண்டுமானால் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் வர வேண்டும், பாடிக்கு ஒழுங்கான எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நல்ல ஈசிஎம் செத்ததைப் போலவே நடந்துகொள்ளும். ஸ்கேனரும் கனெக்ட் ஆகாது.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய துப்பாகத் தெரிவது, கால் மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனது. ஈசிஎம்முக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு சூடாகி விட்டு விட்டு வேலை செய்வதும் உண்டுதான். ஆனால் இந்த அறிகுறிக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியவை மூன்று: சூடானால் நின்று ஆறினால் வேலை செய்கிற கிராங்க் சென்சார் (என்ஜின் சுழல்வதை ஈசிஎம்முக்குச் சொல்வது), ஈசிஎம்முக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே, பிடி தளர்ந்த எர்த் வயர். மழைக்குப் பிறகு ஒரேயடியாக நின்றது என்பதால் நான் எர்த்தையும், வயர்கள் வந்து மாட்டும் கப்ளர்களையும்தான் முதலில் சந்தேகிப்பேன்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். வண்டியில் உட்கார்ந்து ஏசி, ஸ்டீரியோ எல்லாம் அணைத்துவிட்டு, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வருகிறதா? மீட்டரில் செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? பெரும்பாலான வண்டிகளில் அந்த பம்பை ஓடவிடுவது ஈசிஎம்தான். சத்தம் வந்தால் அது விழித்துக்கொண்டிருக்கிறது, செத்துப்போன பெட்டி பம்பை ஓட்டாது. அப்போது கிராங்க் சென்சார் பக்கம் தேடச் சொல்லுங்கள். சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் ஈசிஎம்முக்கு உயிர் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மல்டிமீட்டரும் அந்த மாடலின் வயரிங் படமும் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் தேவை.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் வண்டியும் இதே மாதிரி நின்றது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஈசிஎம்மை மாற்றினார்கள், 38,000 ரூபாய். மூன்றாவது வாரம் மறுபடியும் நடுரோட்டில் நின்றது. அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலம் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. பேட்டரியைக் கழற்றி, அது உட்காரும் தட்டையும் தூக்கினார். கீழே பாடியில் ஒரு போல்ட், அதில் எர்த் வயரின் வளையம். மேலே பார்க்க நன்றாகவே இருந்தது. மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் வைத்தார், சரியாகத்தான் காட்டியது. "இதை வச்சுத்தான் எல்லாரும் ஏமாறாங்க" என்றார். பிறகு அந்த வயர் வழியாக ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எரிய வைத்தார். பல்பு மங்கலாகச் சிவந்தது, வெளிச்சம் வரவில்லை. வயரின் தோலைப் பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து உதிர்ந்து, இரண்டு மூன்று இழைகள்தான் மிச்சம் இருந்தன. மீட்டரின் துளிக் கரண்டுக்கு அந்த இரண்டு இழை போதும், என்ஜின் ஓட அது போதாது. புது வளையம் வைத்து, போல்ட்டைத் தேய்த்துக் கிரீஸ் தடவி, 350 ரூபாய் வாங்கினார். என் பழைய ஈசிஎம்மில் ஒரு கோளாறும் இல்லை. அதை நான் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் "ஈசிஎம் போச்சா?" என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "ஈசிஎம் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா, பல்பு எரியவைத்து லோடு கொடுத்துப் பார்த்தீர்களா? செல்ஃப் அடிக்கும்போது ஈசிஎம்மின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் எத்தனை வோல்ட்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்றால் கோளாறு எர்த்தில். பேட்டரியும் முக்கியம். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் ஈசிஎம் பாதியில் அணைந்து அணைந்து எழலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது 5 வோல்ட். ஈசிஎம் பேட்டரி கரண்டை 5 வோல்ட்டாகக் குறைத்து பல சென்சார்களுக்குப் பொதுவாக அனுப்புகிறது. அதில் ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும், அதன் வயர் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டாலும், அந்த 5 வோல்ட் மொத்தமாக விழுந்துவிடும். சில வண்டிகளில் அத்தோடு என்ஜினும் நிற்கும், ஸ்கேனரும் கனெக்ட் ஆகாது. ஏசி கேஸ் பிரஷர் சென்சார் போன்ற, என்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாததாகத் தெரியும் ஒன்றுகூட இதைச் செய்யலாம். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் திருடன் அதுதான். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும், ஈசிஎம் பக்கத்து வயரில் உரசல் இல்லை என்று பார்த்த பிறகும், 12 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்தும் 5 வோல்ட் வரவில்லை என்றால்தான் ஈசிஎம் போய்விட்டது என்பதை நான் நம்புவேன்.

ஸ்கேனர் கனெக்ட் ஆகிற வண்டிகளில் பி0601, பி0606 போன்ற கோளாறுக் குறியீடுகள் ஈசிஎம்மின் உள்கோளாறைக் குறிப்பவை. அவையும்கூட பேட்டரி படுத்ததால் வந்திருக்கலாம். நல்ல பேட்டரி வைத்து, குறியீட்டை அழித்து, மறுபடி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையாகவே போயிருந்தால் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: ஏன் போனது? கப்ளருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஜம்ப் கேபிளை யாராவது மாற்றிக் கொடுத்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்திருக்கலாம். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி, அதை இயக்கும் பகுதியைப் போர்டில் எரித்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது நடந்திருந்தால், காயிலை மாற்றாமல் புது ஈசிஎம் போட்டால் அதுவும் எரியும். காரணம் சொல்லத் தெரியாதவரிடம் 48,000 ரூபாய்ப் பொருளை மாட்டக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் பார்க்க எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் ஆகும். அதற்கு அவர் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கேட்டால் மனதாரக் கொடுங்கள். "செக் பண்றது ஃப்ரீ" என்கிற இடத்தில் அந்தக் கூலி பாகத்தின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: எல்லாச் சோதனையும் செய்து ஈசிஎம் போனது உறுதியாகிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும் என்கிறார்கள். அதே மாடல் வண்டியில் இருந்து எடுத்தது அப்படியே பொருந்தும்தானே? (தாம்பரம் வாசகர்)

பதில்: கப்ளர் பொருந்தும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவிக்குள் இருக்கும் சிப்பும் ஈசிஎம்மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு வழிவிடும். வேறொரு வண்டியின் ஈசிஎம் உங்கள் சாவியைத் திருட்டுச் சாவியாகத்தான் பார்க்கும்.

இதற்கு வழி உண்டு. உங்கள் பழைய போர்டின் மெமரி படிக்கிற நிலையில் இருந்தால், அதிலுள்ளதை எல்லாம் எடுத்து வாங்கிய பெட்டியில் எழுதிவிடலாம். குளோனிங் என்பார்கள். சாவியும் மாறாது, சேசிஸ் நம்பரும் உங்களுடையதாகவே இருக்கும். அதனால் பழைய போர்டை எந்தக் காரணத்துக்கும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், வேலை முடிந்து ஒரு மாதம் வண்டி ஓடும்வரையாவது. வாங்கும்போது மேல் ஸ்டிக்கரில் உள்ள பாக நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலிலேயே புகை விதிப்படி பிஎஸ் 4, பிஎஸ் 6, மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று பெட்டி மாறும். பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெட்டியாக இருக்கலாம். வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டீசல் வண்டி என்றால் ஒன்று கூடுதல். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் மேலும் பெரும்பாலும் ஒரு குறியீட்டு எண் இருக்கும், அதை ஈசிஎம்மில் பதிய வேண்டும். விட்டுவிட்டால் வண்டி நடுங்கும், புகை வரும், பழி இன்ஜெக்டர் மேல் விழும்.

என்னைக் கேட்டால், பழசு வாங்குவதற்கு முன் உங்கள் போர்டையே ரிப்பேர் செய்ய முடியுமா என்று பாருங்கள். கப்ளர் பின் அரிப்பு, காயிலை இயக்கும் டிரைவர் சிப் எரிந்தது, வீங்கிய கெப்பாசிட்டர் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. உள்ளே ஜெல் ஊற்றி மூடிய போர்டுகளில் மட்டும் கை வைப்பது கஷ்டம். ஆறு மாத வாரண்டியைப் பில்லில் எழுதித் தருபவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ஈசிஎம் மாற்றிய பிறகும் அதே கோளாறு. "எலக்ட்ரானிக் பாகம், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. (திருப்பூர் வாசகர்)

பதில்: பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைதான். முதலில் எழுத்தில் கேளுங்கள்: பாக நம்பர், சீரியல் நம்பர், ஜிஎஸ்டியோடு பில் வேண்டும், கழற்றிய பழைய ஈசிஎம்மும் வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, பதிவு இருக்க வேண்டும். பாகத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. தேவையில்லாத பாகத்தை மாட்டியது சேவைக் குறைபாடு, அதற்கு அந்த விதி கேடயம் ஆகாது.

பழைய பெட்டியை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிக்க உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான். வேறொரு எலக்ட்ரீஷியன் அதை வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்து காட்டி, தன் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் உங்கள் பக்கம் பலமாகும்.

அப்புறம் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: தெருவில் நின்ற கார் மழைத் தண்ணீரில் மூழ்கி ஈசிஎம் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் கொடுப்பார்களா? (கடலூர் வாசகர்)

பதில்: தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் கிடைக்காது. முழு பாலிசி என்றால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் தேய்மானம் கழிப்பார்கள்: 5 முதல் 10 வருட வண்டிக்குப் பொதுவாக 40 சதவீதம், 10 தாண்டினால் 50. ஜீரோ டெப் என்கிற கூடுதல் கவர் எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை. மழையே இல்லாமல் தானாகப் போன ஈசிஎம்முக்கு சாதாரண பாலிசியில் ஒன்றும் வராது, அது எலக்ட்ரிகல் பிரேக்டவுன் என்று தள்ளிவிடுவார்கள்.

தண்ணீர் வடிந்ததும் "ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்" என்று சாவியைத் திருகாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். அது நீங்கள் வரவழைத்த சேதம் என்று கிளெய்மை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும். தண்ணீர் நின்ற உயரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, முதலில் இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.