பிட்ஃபீல்டா, பிட் மாஸ்க்கா? வாசகர் கேள்வி – பதில்

சி மொழியில் ஒரு எண்ணின் சில பிட்களை மட்டும் கையாள இரண்டு வழி உண்டு. ஸ்ட்ரக்டில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் இத்தனை பிட் என்று பெயரோடு ஒதுக்குவது பிட்ஃபீல்டு. ஷிஃப்ட் செய்த எண்ணைக் கொண்டு வேண்டிய பிட்களை நாமே தேர்ந்தெடுப்பது பிட் மாஸ்க்.

கேள்வி: எஸ்டிஎம்32 எஃப்4 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் 6, 7 ஆகிய இரண்டு லைன்களில் வெளி இன்ட்டரப்ட் வைத்திருக்கிறேன். பெண்டிங் ரெஜிஸ்டரை (காத்திருக்கும் இன்ட்டரப்ட்டுகளை லைனுக்கு ஒரு பிட்டாகக் காட்டுவது) பிட்ஃபீல்டு ஸ்ட்ரக்டாக எழுதி, ஹேண்ட்லருக்குள் (இன்ட்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) 6-ஆம் பிட்டுக்கு 1 கொடுத்து கிளியர் செய்கிறேன். இரண்டு சிக்னலும் சேர்ந்து வந்தால் 7-ஆம் லைனுடையது தொலைந்துபோகிறது. ஏன்?

பதில்: அந்த ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை அழிக்க 1 எழுத வேண்டும். 0 எழுதினால் ஒன்றும் ஆகாது. நீங்கள் எழுதிய ஒற்றை வரியை கம்பைலர் மூன்று வேலையாக்குகிறது: முழு ரெஜிஸ்டரையும் படிக்கிறது, உங்கள் பிட்டை மாற்றுகிறது, முழுவதையும் திரும்ப எழுதுகிறது. இரண்டும் பெண்டிங்கில் இருந்தால் படித்து வருவது 64 + 128 = 192. அதில் 6-ஆம் பிட் ஏற்கெனவே 1. ஆகவே அதே 192 திரும்பப் போகிறது, இரண்டு பிட்டும் அழிகின்றன. 5 முதல் 9 வரையுள்ள லைன்களுக்கு ஒரே ஹேண்ட்லர்தான். அடுத்த வரியில் நீங்கள் 7-ஐச் சோதிக்கும்போது அங்கே 0 இருக்கிறது.

மாஸ்க்குக்கு மாறினால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். |= போட்டு எழுதினாலும் இதே படி-மாற்று-எழுது வரிசைதான் நடக்கும், இதே பிழைதான் வரும். வெறும் = போட்டு (1யூ << 6) மட்டும் எழுதுங்கள். 64 போய்ச் சேரும் (யூ என்பது அன்சைன்டு, அதாவது குறியில்லா எண், என்பதற்கான அடையாளம்). 7-ஆம் பிட்டுக்கு 0 போவதால் அது அப்படியே நிற்கும். மாஸ்க்கில் ‘முழு ரெஜிஸ்டருக்கும் என்ன எழுதுகிறேன்’ என்பது கண்ணெதிரே இருக்கிறது. பிட்ஃபீல்டு அதை மறைத்துவிடுகிறது. வன்பொருள் ரெஜிஸ்டர்களுக்கு மாஸ்க்கைச் சொல்வதற்கு எங்கள் முதல் காரணம் இதுதான்.

ஒரு பின் இன்புட்டா அவுட்புட்டா என்பதை வைத்திருக்கும் ஜிபிஐஓ மோட் ரெஜிஸ்டரிலும் இதே கவனம் வேண்டும். 5-ஆம் பின்னுக்கு 10, 11 ஆகிய இரண்டு பிட்கள்; 01 என்றால் அவுட்புட், 00 என்றால் இன்புட். அதை அவுட்புட்டாக்க இப்படிச் செய்யுங்கள். ரெஜிஸ்டரை ஒரு லோக்கல் மாறியில் எடுத்து, ~(3யூ << 10) உடன் & செய்து, (1யூ << 10) ஐ | செய்து, கடைசியில் ஒரே தடவை திரும்ப எழுதுங்கள். ரெஜிஸ்டரிலேயே இரண்டு படியாகச் செய்தால், நடுவில் அந்தப் பின் ஒரு கணம் இன்புட்டாகிவிடும். பின்னை ஆன், ஆஃப் செய்ய படிக்கவே தேவையில்லை: செட்-ரீசெட் ரெஜிஸ்டரில் (1யூ << 5) எழுதினால் ஆன், (1யூ << 21) எழுதினால் ஆஃப். இடையில் இன்ட்டரப்ட் வந்தாலும் பிற பின்கள் பாதிக்கப்படாது.

கேள்வி: ஐபி தலைப்பை (நெட்வொர்க் பாக்கெட்டின் முன்பகுதி) பிட்ஃபீல்டு ஸ்ட்ரக்டாக எழுதலாமா? லினக்ஸ் கெர்னலிலேயே அப்படித்தானே இருக்கிறது?

பதில்: இருக்கிறது. ஆனால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெர்ஷன் 4 பிட், தலைப்பு நீளம் 4 பிட். இந்த இரண்டையும் லிட்டில் எண்டியன் (கீழ் பைட்டை முதலில் வைக்கும்) ப்ராசஸருக்கு ஒரு வரிசையிலும் பிக் எண்டியனுக்கு (மேல் பைட் முதலில்) எதிர் வரிசையிலும், இரண்டு தடவை #இஃப்-க்குள் எழுதியிருக்கிறார்கள். பிட்ஃபீல்டுகள் சேர்ந்து அடங்கும் யூனிட்டுக்குள் முதல் ஃபீல்டு மேல் முனையில் உட்காருமா, கீழ் முனையிலா என்பதை சி தரநிலை கம்பைலரிடம் விட்டுவிட்டதே காரணம்.

அளவும் மாறும். ஒரு ஸ்ட்ரக்டில் அன்சைன்டு கேரக்டர் வகையில் 4 பிட், அடுத்து அன்சைன்டு இன்ட் வகையில் 4 பிட் வைத்தால், எக்ஸ்86 லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் 4 பைட் தரும், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் 8 பைட் தரும். கோப்பிலோ நெட்வொர்க்கிலோ போகிற தரவை இதை நம்பி எழுதக்கூடாது.

மாஸ்க்கில் இந்தக் குழப்பம் கிடையாது. முதல் பைட் 69 என்றால், 69 >> 4 செய்தால் வெர்ஷன் 4. 69 & 15 செய்தால் 5; இந்த நீளம் 4 பைட் அலகில் இருப்பதால், அதை 4-ஆல் பெருக்கினால் தலைப்பு நீளம் 20 பைட். எந்த ப்ராசஸரிலும் இதே விடைதான்.

கேள்வி: இன்ட் ரெடி : 1 என்று அறிவித்து 1 போட்டேன். ரெடி == 1 என்று கேட்டால் பொய் என்கிறது!

பதில்: அந்த ஒரே பிட் சைன் பிட்டாகிவிட்டது, அதில் 0-வும் -1-உம்தான் அடங்கும். வெறும் இன்ட் என்று பிட்ஃபீல்டில் போட்டால் அது சைன்டா அன்சைன்டா என்பதும் கம்பைலர் முடிவு. அன்சைன்டு என்றோ பூல் என்றோ எழுதுங்கள்.

கேள்வி: அப்படியானால் பிட்ஃபீல்டை எங்கேதான் பயன்படுத்துவது?

பதில்: உங்கள் புரோகிராமின் நினைவகத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகிற தரவுக்கு. அமைப்பு எப்படி இருந்தாலும் யாருக்கும் கவலையில்லாத இடத்தில் பிட்ஃபீல்டு அருமையான வசதி. கோடு வாசிக்கத் தெளிவாக இருக்கும், டீபக்கரில் ஒவ்வொரு ஃபீல்டும் பெயரோடு தெரியும், ஷிஃப்ட் எண்ணைத் தவறாகப் போடும் வாய்ப்பே இல்லை. ஒரு ஃபீல்டின் முகவரியை & போட்டு எடுக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்துப் பக்கத்து பிட்ஃபீல்டுகளை இரண்டு த்ரெட்கள் பூட்டு (லாக்) இல்லாமல் எழுதக்கூடாது. சி11 தரநிலைப்படி (சி மொழியின் 2011 தரநிலை) அவை எல்லாம் சேர்ந்து ஒரே நினைவக இடம். ஒன்று படித்து எழுதுவதற்குள் மற்றது எழுதியது அழிந்துபோகும். நடுவில் அகலம் 0 உள்ள பெயரில்லா ஃபீல்டு ஒன்றைப் போட்டால் அவை தனித்தனி இடமாகும். ஒவ்வொரு டாஸ்க்கின் விவரத்தையும் வைத்திருக்கும் லினக்ஸின் டாஸ்க் ஸ்ட்ரக்டில் ஷெட்யூலர் பூட்டுக்குக் கீழ் வரும் பிட்களையும், அந்தந்த டாஸ்க் தானே மாற்றிக்கொள்ளும் பிட்களையும் இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள்.

பிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண மாறிக்கே ஆபத்து வந்ததும் உண்டு. 2012-இல் ஐட்டேனியம் ப்ராசஸர் உள்ள கணினியில், லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமைக் கோடில் ஒரு பிட்ஃபீல்டை எழுத ஜிசிசி 64 பிட்டைப் படித்து 64 பிட்டை எழுதியது. பக்கத்தில் இருந்த ஸ்பின்லாக் என்ற பூட்டு மாறியின் பழைய மதிப்பும் சேர்ந்து எழுதப்பட்டது. சி11 இதைத் தடுக்கிறது. பழைய கம்பைலரோடு வேலை செய்கிறவர்கள், பூட்டு மாறியை பிட்ஃபீல்டுக்கு ஒட்டி வைக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: மாஸ்க்கில் அடிக்கடி வரும் தவறுகள் எவை?

பதில்: மூன்றைச் சொல்கிறோம். மதிப்பு & மாஸ்க் == 4 என்று எழுதினால் முதலில் == தான் நடக்கும்; (மதிப்பு & மாஸ்க்) == 4 என்று அடைப்புக்குறி போடுங்கள். 1 << 31 என்பது 32 பிட் இன்ட்டில் வரையறுக்கப்படாத செயல். 1யூ << 31 என்று எழுதுங்கள்.

மூன்றாவதுதான் கண்ணில் படாதது. 64 பிட் மாறியின் ஒரு பிட்டை அழிக்க ~(1யூ << 3) உடன் & செய்தால் மேல் பாதி 32 பிட்டும் சேர்ந்து அழியும். மாஸ்க் 32 பிட் அன்சைன்டாக இருப்பதால் 64 பிட்டாக விரியும்போது மேலே 0 நிரம்புகிறது. யூ இல்லாமல் ~(1 << 3) என்று எழுதினால் சைன் பிட் நீண்டு சரியான விடை வந்துவிடும். அதனால்தான் யாரோ ஒருவர் ‘ஒழுங்காக’ யூ சேர்த்த நாளில் இந்தப் பிழை தலைகாட்டுகிறது. 64 பிட் மாறிக்கு 1யூஎல்எல் (அன்சைன்டு லாங் லாங்) என்றே எழுதுங்கள். லினக்ஸ் கெர்னலில் எழுதுகிறவர்கள் எண்களைக் கையால் போடாமல் ஜென்மாஸ்க், ஃபீல்டு கெட், ஃபீல்டு ப்ரெப் மேக்ரோக்களைப் பயன்படுத்தலாம்: ஷிஃப்ட் அளவை மாஸ்க்கிலிருந்து அவையே எடுத்துக்கொள்ளும், மாறிலி மதிப்பு ஃபீல்டுக்குள் அடங்காவிட்டால் கம்பைல் செய்யும்போதே நிறுத்திவிடும்.