பிராக் மக்கள் தோற்கவில்லை

கேள்வி: 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த சோவியத் டாங்கிகளைப் பொதுமக்கள் வெறுங்கையோடு எதிர்த்ததால் என்ன பயன்? கடைசியில் தோற்றுத்தானே போனார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தோற்றவர்கள் யார் என்பதில்தான் உங்களோடு மாறுபடுகிறேன். ஆகஸ்ட் 20 நள்ளிரவில் அந்நியப் படைகள் எல்லையைக் கடந்தபோது, செக்கோஸ்லோவாக்கிய ராணுவத்துக்கு முகாமைவிட்டு அசையக்கூடாதென்று உத்தரவாகிவிட்டது. எதிர்த்து நிற்க மிஞ்சியவர்கள் பொதுமக்களே. தலைநகர் பிராக்கின் வானொலி நிலையத்தைக் காக்கப் பேருந்துகளைத் தெருவின் குறுக்கே நிறுத்தினார்கள். அங்கே பலர் உயிரையும் கொடுத்தார்கள். நிலையம் பறிபோன பிறகும் மறைவிடங்களிலிருந்து ஒலிபரப்பு தொடர்ந்தது. ஆட்களைப் பிடிக்க வரும் கார்களின் எண்களை அது அறிவித்தது. தெருப் பெயர்ப் பலகைகளை அகற்றச் சொன்னது. ஒரே இரவில் முகவரிகளே இல்லாத நகரமாயிற்று பிராக். ஒலிபரப்பு எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கும் கருவிகளை ஏற்றிவந்த ரயிலை, ரயில்வே ஊழியர்கள் வழியிலேயே முடக்கிப்போட்டார்கள்.

இதன் பயனைக் கேட்கிறீர்கள். உடனடியாக ஒரு பொம்மை அரசை அமைப்பதுதான் மாஸ்கோவின் திட்டம்; மக்கள் முகத்தில் விழிக்கத் துணிந்து அதற்குத் தலைமையேற்க யாரும் அகப்படவில்லை. கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சீர்திருத்தம் தொடங்கியதற்காகக் கைதியாகக் கொண்டுபோன கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டூப்செக்கோடு சோவியத் தலைவர்களே உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சில் வளைந்து கொடுத்தவர்கள் செக்கோஸ்லோவாக்கியத் தலைவர்கள். ஆகஸ்ட் 26 அன்று, சோவியத் நிபந்தனைகளுக்குப் பணியும் மாஸ்கோ உடன்படிக்கையில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள், பிரான்டிஷேக் கிரீகல் என்ற ஒருவரைத் தவிர. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மருத்துவராகப் பணியாற்றிய அந்த மூத்த கம்யூனிஸ்டை மிரட்டிப் பார்த்தும் பணியவைக்க முடியவில்லை. தெருவில் நின்ற மக்களின் உறுதி அந்த மேஜையில் அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

அதற்கு முந்தைய நாள் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டு சோவியத் குடிமக்கள், தங்கள் அரசு என்ன செய்யும் என்பதை நன்கறிந்தே, ஆக்கிரமிப்பைக் கண்டித்துப் பதாகை பிடித்தார்கள். கவிஞர் நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வந்திருந்தார். சில நிமிடங்களில் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள்.

நம் நாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதை நான் திரும்பத் திரும்ப எழுதுவதாகச் சிலர் கோபப்பட்டாலும் சரி. ஐ.நா. பாதுகாப்பு சபையில் இந்த ஆக்கிரமிப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது, காலனி ஆட்சியை எதிர்த்து விடுதலை பெற்ற இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அரசின் இந்த நிலையை ஏற்க மறுத்து, மத்திய அமைச்சர் அசோக் மேத்தா பதவி விலகினார். சோவியத் நட்பு நமக்குத் தேவைப்பட்டது என்ற சமாதானம் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. அந்த நட்பின் விலையை இன்னொரு நாட்டு மக்கள் தலையில் கட்ட நமக்கு என்ன உரிமை இருந்தது?