எழுத்தைப் பெரிதாக்கியும் அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் கைக்கு வரவில்லை, வேறு என்ன மாற்றலாம்?

அம்மாவுக்கு 68 வயது, எழுத்தைப் பெரிதாக வைத்துக் கொடுத்துவிட்டேன், அப்படியும் தினமும் ஏதாவது ஒன்று மாறிப்போய் தவிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். திண்டுக்கல்லில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்வதைத்தான் நாள் முழுக்கக் கேட்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று கடைக்கு வரும் பெரியவர்கள் குறைவு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எப்படியோ படித்துவிடுகிறார்கள். "தம்பி, வாட்சப்பு இங்கதான் இருந்துச்சு, காணோம்", "நான் ஒண்ணுமே பண்ணலப்பா, அதுவா என்னமோ ஆயிருச்சு" என்றுதான் வருகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கேட்காத வேலையைப் போன் செய்கிறது. அதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

அம்மா தொடும்போது ஒருமுறை அவர் விரலை மட்டும் கவனியுங்கள். நாம் தட்டிவிட்டு விரலை எடுத்துவிடுகிறோம். பட்டன் போனில் பழகியவர்கள் காலிங் பெல் மாதிரி அழுத்திப் பிடிப்பார்கள், படம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விரலை எடுப்பார்கள். அந்த நேரம் போதும், போன் அதை லாங் பிரஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஐகான் கையோடு கிளம்பும், விரல் கொஞ்சம் நகர்ந்தால் வேறு பக்கத்துக்குப் போய்விடும், மேலே ரிமூவ் என்று இருக்கும் இடத்தில் விட்டால் ஹோம் ஸ்கிரீனிலிருந்தே போய்விடும். இதற்கு ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று ஒன்று இருக்கிறது, அதை லாங் என்று வையுங்கள். அப்புறம் ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸில் லேஅவுட்டை லாக் செய்யும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே "காணோம்" என்ற புகார் பாதி அடங்கிவிடும். சாம்சங் என்றால் டிஸ்ப்ளேவுக்குள் ஈஸி மோட் இருக்கிறது, அதைப் போட்டாலே ஐகான் பெரிதாகி, அழுத்தும் நேரமும் கூடிவிடும். ஐபோனில் 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் 'அசிஸ்டிவ் ஆக்சஸ்' வந்தது, நாலைந்து பெரிய கட்டங்கள் மட்டும் தெரிகிற மாதிரி வைக்கலாம். நம் ஊரில் பெரியவர் கையில் ஐபோன் இருந்தால் அது பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளை விட்டுப்போனதுதான், அமைத்துக் கொடுக்கத்தான் பக்கத்தில் ஆள் இருக்காது.

அழுத்தினாலும் வேலை செய்யவில்லை என்பது இதற்கு நேர் எதிரான புகார். வயதானால் விரல் தோல் காய்ந்துவிடும், காய்ந்த தோலை டச் ஸ்கிரீன் சரியாக உணராது. அதன்மேல் தடிமனாக மலிவு டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். டிஸ்ப்ளே மாற்ற வேண்டும் என்று பயந்துபோய் வந்த பலருக்கு அந்தக் கிளாஸை உரித்துவிட்டு மெல்லியதாக ஒன்று ஒட்டியதே போதுமானதாக இருந்திருக்கிறது. சில போன்களில் டச் சென்சிடிவிட்டி என்று தனியாகவே ஒரு சுவிட்ச் உண்டு. விரலில் லேசாக எண்ணெய் தடவிக்கொண்டால் நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு பாட்டி சொன்னார், உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அவர் போனைத் துடைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ரேகை விஷயமும் இதே மாதிரிதான். வயல் வேலை, பாத்திரம் துலக்குவது என்று ஆயுசு முழுக்க உழைத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், ஃபிங்கர்பிரிண்ட் லாக் பத்துக்கு எட்டு முறை திறக்காது. பேட்டர்ன் லாக் வைத்துக் கொடுங்கள், கை தானாகப் பழகிக்கொள்ளும். வீட்டில் மத்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர் யாராவது இருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: வருஷா வருஷம் நவம்பரில் கொடுக்கும் வாழ்நாள் சான்றிதழுக்கு ரேகை பதியாமல் அலைய வேண்டியதில்லை, 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழை எடுக்கலாம். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். அதற்கு அவர்கள் போன்தான் வேண்டும் என்றில்லை, உங்கள் போனிலேயே எடுக்கலாம்.

கால் வந்தால் எடுக்க முடியவில்லை என்பதுதான் இருப்பதிலேயே மோசம். போன் கத்துகிறது, பச்சைப் பொத்தான் தெரிகிறது, அதை அழுத்துகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அதைத் தேய்க்க வேண்டும். இன்னொன்று, பையிலிருந்து அவசரமாக எடுக்கும்போது பக்கத்திலிருக்கும் வால்யூம் பட்டன் அழுந்திவிடும், ரிங் அப்படியே நின்றுபோகும், கட்டாகிவிட்டது என்று நினைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். சாம்சங்கில் இதற்கு நல்ல வழி இருக்கிறது, வால்யூமின் மேல் பட்டனை அழுத்தினால் கால் எடுக்கும்படி ஆக்சஸிபிலிட்டியில் வைக்கலாம். உங்களிடம் என்ன போன் இருக்கிறதோ, போன் ஆப்பின் செட்டிங்ஸில் ஆன்சர் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ரிங்டோன் விஷயத்தில் பேரன் வைத்துக் கொடுக்கும் கீச்சுக்குரல் பாட்டு வேண்டாம். வயதானால் முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் கேட்பதுதான், பழைய லேண்ட்லைன் மணி மாதிரி கனமான சத்தம் அடுத்த அறையிலிருந்தும் காதில் விழும். பேசும்போது சத்தம் கம்மியாகக் கேட்கிறது என்றால் காது டாக்டரிடம் ஓடுவதற்கு முன்னால் போனின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள். பவுடரும் எண்ணெயும் அழுக்கும் அப்பியிருக்கும். காய்ந்த மெல்லிய பிரஷால் லேசாகத் துடைத்தால் போதும், ஊசியெல்லாம் விடாதீர்கள்.

எழுத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கடைசி அளவுவரை இழுத்துவிடாதீர்கள். ரொம்பப் பெரிதாக வைத்தால் சில ஆப்களில் ஓகே பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும், அம்மா அதைத் தேடிக்கொண்டே இருப்பார். நடுவுக்குக் கொஞ்சம் மேலே போதும். ஸ்கிரீன் அணையும் நேரத்தை இரண்டு நிமிடமாக்குங்கள், ஆட்டோ ரொட்டேட்டை அணையுங்கள், விரலால் தள்ளித் தள்ளிப் போகிற கெஸ்சர் முறை வேண்டாம், கீழே மூன்று பட்டன் தெரிகிற மாதிரி வையுங்கள். மொழியில் என் கருத்து, மொத்தப் போனையும் தமிழுக்கு மாற்றாமல் வாட்ஸ்அப்பை மட்டும் மாற்றுவது நல்லது. செட்டிங்ஸ் ஆங்கிலத்திலேயே இருந்தால் பக்கத்து வீட்டுப் பையன் சட்டென்று பார்த்துச் சரிசெய்துவிடுவான்.

அப்புறம் பயமுறுத்தும் பெட்டிகள். "உங்கள் போனில் 13 வைரஸ்" என்று சிவப்பாக வந்தது என்று ஓடிவருவார்கள். அது வைரஸ் இல்லை, ஏதோ ஒரு செய்தித் தளத்தில் அலவ் அழுத்தியிருப்பார்கள், அது விடாமல் நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டிருக்கும். குரோமின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் பிரைவசியில் தெரியாத நம்பர் கால்களைச் சைலன்ஸ் செய்யுங்கள், குரூப்பில் சேர்க்கும் உரிமையை மை கான்டாக்ட்ஸ் என்று மாற்றுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு மிரட்டுகிறவர்கள் பெரியவர்களைத்தான் அதிகம் குறிவைக்கிறார்கள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது என்று அம்மாவிடம் சாப்பிடும்போதோ டிவி பார்க்கும்போதோ சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும், அந்த நம்பரை கான்டாக்டில் போட்டு வையுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பணம் தருகிறேன் என்று சொல்லிப் பின் போடச் சொன்னாலே பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். பென்ஷன் வரும் கணக்கை யுபிஐயில் இணைக்காமல், செலவுக்கு மட்டும் கொஞ்சம் பணம் இருக்கிற வேறு கணக்கை இணைப்பது இன்னும் நல்லது.

தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கித் தரலாம் என்று யோசித்தால், இருக்கிற கம்பெனியிலேயே வாங்குங்கள். கம்பெனி மாறினால் கால் எடுக்கும் விதம், போட்டோ இருக்கும் இடம் எல்லாம் மாறி, அம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய போனில் எந்த ஐகான் எந்த மூலையில் இருந்ததோ அதே மூலையில் புதியதிலும் வைத்துவிட்டு, மேலே சொன்னதையெல்லாம் நீங்களே உட்கார்ந்து அமைத்த பிறகு கையில் கொடுங்கள். பழைய போனை உடனே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், ஒரு மாதம் வீட்டிலேயே கிடக்கட்டும்.