நகலும் பாடாந்தரமும்

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பில் பிங்க் புளொயிட் என்ற ஆங்கிலேய றொக் குழுவின் பாடல்களை வாசித்த உள்ளூர்க் குழுவொன்றின் நிகழ்ச்சி தங்களை நெகிழவைத்ததாக எழுதியிருந்தீர்கள். அரை நூற்றாண்டுக்கு முந்திய இசைத்தட்டை அச்சொட்டாகத் திருப்பி வாசிப்பதில் என்ன கலை இருக்கிறது? மூலம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது நகலுக்கு டிக்கற் எடுப்பானேன்? கச்சேரிகளில் மனோதர்மத்தை, அதாவது மேடையிலேயே கற்பனை செய்து பாடுவதை, வலியுறுத்தும் தாங்கள் இதை ஏற்பது எனக்கு விளங்கவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பம்பலப்பிட்டியில் ஒருவர் தியாகராஜரின் கீர்த்தனையைப் பாடினால் அதை நாம் நகல் என்பதில்லை. யாரிடம் கற்ற பாடம், அதாவது எந்தப் பாடாந்தரம், என்றுதான் விசாரிக்கிறோம். பிங்க் புளொயிட் சார்ந்த, நீண்ட பாடல்களைக் கொண்ட புறோகிறெசிவ் றொக் வகையின் பெரும்பகுதியும் அவ்வாறு முன்கூட்டியே கட்டி அமைக்கப்பட்ட இசைதான். 1975இல் வெளிவந்த 'ஷைன் ஒன் யூ கிரேசி டயமண்ட்' ஒன்பது பகுதிகள் கொண்டது; அதன் புகழ்பெற்ற நான்கு கிற்றார் சுரங்கள் ஒலிப்பதற்கு ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் வாசிப்பவர் அவசரப்பட்டால் மொத்தமும் கெட்டுவிடும். நம்மவர்கள் அவசரப்படவில்லை. மூலக் குழுவின் நால்வரும் கடைசியாக ஒன்றாக மேடையேறியது 2005இல், லண்டன் ஹைட் பார்க்கில்; கீபோர்ட் வாசித்த றிச்சர்ட் றைட் 2008இல் காலமானார். இனி அந்த நால்வரும் சேர்ந்து வாசிக்க வழியில்லை; இந்த இசை அரங்கில் ஒலிக்க வேண்டுமானால் வேறு கைகளும் வேண்டும். மூலவர்களுக்கும் இதில் மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை: அடிலெய்டில் 1988இல் தொடங்கிய ஆஸ்திரேலியன் பிங்க் புளொயிட் என்ற நகல் குழு, மூலக் குழுவின் கிற்றார் கலைஞர் டேவிட் கில்மரின் 50ஆவது பிறந்தநாள் விருந்திலேயே வாசித்திருக்கிறது.

கைப்பேசியில் கிடைக்காதது எது என்பதற்கு 'மணி' பாடலைச் சொல்வேன். நாணயங்கள் குலுங்குவதும் காசுப்பெட்டி திறப்பதுமான ஏழு ஓசைகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டிச் சுழலவிட்டு அதைத் தொடக்கமாக வைத்தார்கள். இங்கே அது மடிக்கணினியிலிருந்து வந்தது, அதில் குறையில்லை. பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. நான் தொடையில் நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு போட்டுக்கொண்டிருந்தேன் (உட்பிரிவு சரியாகப் பொருந்தாது, ஆனாலும் ஏழு ஏழுதான்). சபையோ உற்சாகத்தில் நான்காகக் கைதட்டத் தொடங்கி, இரண்டாம் சுற்றிலேயே வழுக்கி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, கையை மடியில் வைத்துக்கொண்டது. சாக்ஸபோன் முடிந்து கிற்றார் தனி தொடங்கியதும் தாளம் உண்மையிலேயே நான்குக்கு மாறியது. அப்போது அந்தக் கைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. இந்த மாற்றம் அப்பாடலில் இருப்பதைப் பல்லாண்டுகளாக அறிந்திருந்தும், அதை ஓர் அரங்கமே உடம்பால் உணர்வதை அன்றுதான் கண்டேன்.

மனோதர்மம் பற்றிய தங்கள் கேள்வி இன்னும் கூர்மையானது. 1973 இசைத்தட்டில் உள்ள 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாடலில் சொற்களற்றுக் குரலெழுப்பும் கிளெயர் டொறி, அதை ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்போதைக்கப்போது கற்பனை செய்து பாடினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண். இணை இசையமைப்பாளர் என்ற உரிமை வழக்காடிய பின்னர் 2005இல்தான் வந்தது. அன்று மேடையில் பாடிய பெண் அதன் ஒவ்வொரு விம்மலையும் அப்படியே எடுத்தார். ஒருவரின் கற்பனைச் சுரத்தை மற்றொருவர் ஒப்பிப்பது நம் மேடையில் குற்றம். ஆனால் கீர்த்தனைகளில் நாம் பாடும் சங்கதிகளில் (ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் வடிவங்களில்) பலவும் யாரோ ஒருவரின் கற்பனையாகத் தொடங்கிப் பாடமாக உறைந்தவைதானே? டொறியின் குரலும் இன்று அந்த நிலையை அடைந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆகவே அந்த மேடைப் பாடகி அதை எடுத்துப் பாடியது பிழையல்ல. கற்ற பாடத்தைப் பாடமாகப் பாடாமல், அந்தக் கணத்தில் பீறிட்டெழும் அழுகையாக நடித்ததே எனக்கு உவப்பாக இல்லை; ஒவ்வொரு விம்மலுக்கும் சரியாக ஒரு நொடி முன்பே முகம் சுருங்கிவிடும். அந்த ஒரு பாடலுக்கு மட்டும் தங்கள் 'நகல்' என்ற சொல்லை நானும் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்.