தினமும் வாழைப்பழம் கொடுத்தது தப்பா?

கேள்வி: எங்கள் வீட்டில் வளரும் பியர்டட் டிராகனுக்கு (ஒரு வகைப் பல்லி) இரண்டு வயது. வாழைப்பழத்தைக் கண்டால் ஓடிவந்து கையில் ஏறிவிடும். அந்த ஆசையில் தினமும் கொடுத்துப் பழக்கிவிட்டேன். இப்போது கீரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, கழிச்சலும் இருக்கிறது. எந்தப் பழம், எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: முதலில் பழத்தை நிறுத்துங்கள். கீரையை மட்டும் காலையில் வையுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனம் இளகிவிடாதீர்கள், வளர்ந்த ஆரோக்கியமான பிராணி ஓரிரு நாள் குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பழம் நின்ற பிறகும் கழிச்சல் தொடர்ந்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, புதிய கழிவை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். குடலில் ஒட்டுண்ணி இருந்தாலும் இப்படித்தான் போகும்.

வாழைப்பழத்தில் சிக்கல் சர்க்கரை மட்டுமல்ல. அதில் கால்சியத்தைப் போல நான்கு மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது, அது உடலில் கால்சியம் சேரவிடாமல் தடுக்கும். இதுவே வழக்கமானால் எலும்பு மெலியும், தாடை ரப்பர் போல வளையும், விரல்கள் துடிக்கும். பப்பாளியில் கணக்கு நேர்மாறு, பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்திப்பழமும் அப்படித்தான். அதனால் என் முதல் தேர்வு இவை இரண்டும். மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள் எப்போதாவது சரி. ஆப்பிள் விதையை எடுத்துவிட வேண்டும், அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை வேண்டாம், புளிப்பு வயிற்றைக் கெடுக்கும். அவகாடோ ஒரு துண்டுகூடக் கூடாது, அது விஷம்.

வாரம் ஒரு முறை, இரண்டு மூன்று துண்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டும் அதன் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடச் சிறிதாக இருக்கட்டும். கீரையோடு கலந்து வைத்தால் பழத்தைத் தேடும்போது கீரையும் வாய்க்குள் போகும். மிச்சத்தை ஓரிரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், கூண்டு விளக்கின் சூட்டில் சீக்கிரம் கெட்டு ஈ மொய்க்கும்.

இன்னொன்று, பலர் கவனிப்பதே இல்லை. இவற்றின் பக்கப் பற்கள் தாடை எலும்போடு ஒட்டியவை, விழுந்தால் மறுபடி முளைக்காது. குழைந்த பழம் அங்கே ஒட்டிக்கொண்டால் ஈறு அழுக ஆரம்பிக்கும். இத்தனை நாள் வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறதே, அடுத்த முறை வாயைத் திறக்கும்போது பல் ஓரம் பழுப்பாகவோ ஈறு சிவந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் அதையும் காட்டிவிடுங்கள்.